பட்டயம் போட்ட தெருவும் புகையில்லாத காலையும்

ஒரு தவற்றை ஒப்புக்கொண்டுதான் இதைத் தொடங்கியாக வேண்டும். 1991இல் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு சிற்றேடு நடத்தினோம். நான்கு இதழோடு நின்றுபோயிற்று. (நின்றதில் இலக்கியத்துக்குப் பெரிய நஷ்டமில்லை. பேப்பர் கடைக்காரருக்குத்தான் நஷ்டம்.) அதன் மூன்றாம் இதழில் வில்லியம் பிளேக்கின் 'லண்டன்' கவிதையைத் தமிழாக்கி வெளியிட்டேன். கூடவே, வேர்ட்ஸ்வொர்த் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் மீது எழுதிய சானட்டைக் கிழித்து இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பும் எழுதினேன். முன்னவர் மக்கள் கவி, பின்னவர் புரட்சியைக் கைகழுவிய ஓடுகாலி. தீர்ப்பு அவ்வளவுதான். சோவியத் யூனியன் கண்ணெதிரே சரிந்துகொண்டிருந்த வருடம் அது. எதன் மீதாவது தீர்ப்புச் சொல்லியாக வேண்டிய அவசரம் எங்களுக்கு இருந்தது.

பிளேக்கின் கவிதை தொடங்கும்போதே தெருவுக்கும் தேம்ஸ் நதிக்கும் ஒரே அடைமொழியைக் கொடுக்கிறது. 'சார்ட்டர்' என்ற சொல்லிலிருந்து பிறந்த அடைமொழி. நான் அதை 'சார்ட்' என்று வாசித்துவிட்டேன். அதாவது வரைபடம். ஆகவே என் தமிழில் தெருவும் நதியும் அளந்து வரையப்பட்டவை ஆகிவிட்டன. ட்ரெடில் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, புரூஃப் தாளை நீட்டியபடியே கேட்டார்: "தம்பி, தெருவ அளந்தா அதுல என்ன கொடும இருக்கு? நம்ம முனிசிபாலிட்டிக்காரனுந்தான் சங்கிலி போட்டு அளக்கான். ஆத்தயும் அளந்தா நல்லதுதான, வெள்ளம் வந்தா தெரியும்லா?" நான் சிரித்தேன். 'அது குறியீடு அண்ணாச்சி, உங்களுக்குப் புரியாது' என்று சொன்னதாக ஞாபகம். அச்சுக்கோப்பவரிடம் உங்களுக்குப் புரியாது என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கத்தில் மக்கள் கவிதை பற்றி எழுதிய ஆள் நான்.

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி என்பது சில வருடம் கழித்து ஈ.பி. தாம்ப்சனை வாசித்தபோது உறைத்தது. இந்த ஒரு கவிதையைப் பற்றி அவர் 1978இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் இறந்த 1993ஆம் ஆண்டில் வெளியான பிளேக் பற்றிய நூலிலும் அது இடம்பெற்றது. அந்த அடைமொழியை விடாமல் துரத்திக்கொண்டு போகிறார் தாம்ப்சன். வாசித்த இரவில் எனக்கு வந்தது ஞானோதயம் ஒன்றுமில்லை. வெட்கம்தான்.

இன்னொன்றும் உண்டு. வேர்ட்ஸ்வொர்த்தை நான் கிழித்ததில் ஒரு நட்பு முறிந்தது. எனக்கு ஆங்கிலக் கவிதையை முதன்முதலில் வாய்விட்டு வாசித்துக் காட்டியவர் அவர். ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "ஆள விட்டுருப்பா, கவிதையைப் பாரு" என்றார். "கவிதையை விடுங்க சார், சரித்திரத்தைப் பாருங்க" என்றேன் நான். அதற்குப் பிறகு நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. இதில் வேடிக்கை, சரித்திரம் சரித்திரம் என்று மேசையைத் தட்டிய எனக்கு 1794க்கும் 1802க்கும் நடுவில் லண்டனில் நடந்தது ஒரு வரிகூடத் தெரியாது. முதலாவது பிளேக்கின் கவிதை அச்சான ஆண்டு. இரண்டாவது வேர்ட்ஸ்வொர்த் பாலத்தைக் கடந்த ஆண்டு. இடையில் எட்டே வருடம். இந்தக் கட்டுரை அந்த எட்டு வருடத்தைப் பற்றியதுதான்.

*

பட்டயம் என்றதும் நமக்குச் செப்பேடு ஞாபகம் வரும். மன்னன் ஒருவனுக்கு நிலத்தையோ வரிவிலக்கையோ எழுதிக் கொடுக்கிறான். யாருக்குக் கொடுத்தான் என்பது ஏட்டில் தெளிவாக இருக்கும். யாரிடமிருந்து எடுத்துக் கொடுத்தான் என்பது பெரும்பாலும் இருக்காது. டாமஸ் பெயின் தன் 'மனித உரிமைகள்' நூலில் (1791–92) ஏறக்குறைய இதைத்தான் வாதமாக வைக்கிறார். சாசனம் உரிமையைத் தருகிறது என்பதே பொய். உரிமை எல்லோருக்கும் ஏற்கெனவே இருக்கிறது. சாசனம் அதைப் பெரும்பான்மையிடமிருந்து பிடுங்கிச் சிலர் கையில் விட்டுவைக்கிறது. 1790இல் எட்மண்ட் பர்க் பிரெஞ்சுப் புரட்சியைத் தாக்கி எழுதிய நூலில் இங்கிலாந்தின் சாசன உரிமைகளைப் பரம்பரைச் சொத்துப்போலப் போற்றியிருந்தார். பெயின் அதற்குச் சொன்ன பதில் இது. ஆக, 1792–93 வாக்கில் லண்டன் மதுக்கடைகளில் 'சாசனம்' என்பது ஒரு சண்டைச் சொல்லாக இருந்தது. எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பதை அந்தச் சொல்லை எப்படி உச்சரிக்கிறாய் என்பதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

பிளேக்கின் கையெழுத்துக் குறிப்பேடு தப்பிப் பிழைத்திருக்கிறது. அதில் இந்தக் கவிதையின் முதல் வரைவில் அந்த அடைமொழி இல்லை. தெருவும் நதியும் வெறுமனே 'அழுக்கு'. அழுக்கு என்றால் யாராவது கூட்டிக் கழுவலாம். முனிசிபாலிட்டிப் பிரச்சினை. அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் பட்டயத்தைக் கொண்டுவந்து வைத்ததும் கேள்வி மாறிவிடுகிறது: இந்தத் தெரு யாருடையது? லண்டன் நகர மாநகராட்சியே பழைய அரச சாசனங்களின் மீது நிற்கும் ஓர் அமைப்பு. தேம்ஸ் நதியின் பராமரிப்பு அதிகாரம் 1857 வரை அதன் கையில்தான் இருந்தது. நதி ஒருவருக்குச் சொந்தமாக இருக்க முடியுமா என்று பிளேக் உருவகமாக வியக்கவில்லை. காலையில் எழுந்து வெளியே வந்தால் அவர் கண்ணில் படுகிற சட்ட நிலைமை அது.

நம்மைத் தொடுகிற இடமும் இங்கேதான் வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1600 டிசம்பர் 31இல் பெற்ற பட்டயத்தின் பேரில் பிறந்தது. 1793இல் நாடாளுமன்றம் அதன் ஏகபோகத்தை இன்னும் இருபது ஆண்டுக்கு நீட்டித்தது. பிளேக் அடைமொழியை மாற்றிக்கொண்டிருந்ததும் ஏறத்தாழ அதே காலம். அதற்குப் பத்து வருடம் முன்னால், 1783 டிசம்பரில், இதே பர்க் நாடாளுமன்றத்தில் பேசும்போது இரண்டு வகைச் சாசனங்களைப் பிரித்துக் காட்டியிருந்தார். மாக்னா கார்ட்டா அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் சாசனம். கம்பெனியின் சாசனம் ஏகபோகத்தை நிறுவி அதிகாரத்தை உண்டாக்கும் சாசனம். முதலாவது மனித உரிமையின் பக்கம், இரண்டாவது அதற்கு எதிர்ப்பக்கம். இது நம்ம பர்க்கா என்று கேட்கத் தோன்றும். அவரேதான். சோழமண்டலக் கரையின் துணி வந்திறங்கிய நதியைத்தான் பிளேக் பட்டயம் போட்ட நதி என்கிறார். அவர் மனத்தில் சென்னைப்பட்டணம் இருந்தது என்று நான் சாதிக்க வரவில்லை. அந்தச் சொல்லுக்குள் அது இருந்தது. சொல்லைக் கையாளுகிறவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் சொல் தன் பாரத்தைச் சுமந்துகொண்டுதான் வரும்.

பிளேக்கும் கவிதையைச் செம்பில்தான் எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும். செப்புத் தகட்டின் மீது அமிலம் அரிக்காத கலவையால் எழுத்தை இடவலமாகத் திருப்பி எழுதி, மீதியை அமிலத்துக்குத் தின்னக் கொடுத்து, நின்ற எழுத்தில் மை தடவி, அவரும் மனைவி காதரினும் தாளில் ஒற்றியெடுத்தார்கள். வர்ணத்தைக் கையால் தீட்டினார்கள். எங்கள் அண்ணாச்சியைப் போல அவரும் எழுத்தைத் திருப்பி வாசிக்கப் பழகிய தொழிலாளி. சாசனத்துக்கு எதிரான கவிதையைச் செப்புத் தகட்டில் வெட்டிவைத்த ஆள்.

*

கவிதையில் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒருவன் நடக்கிறான். எதிர்ப்படும் முகங்களில் எல்லாம் நலிவின் குறிகளைக் காண்கிறான். 'குறி' என்று பொருள்படும் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் போடுகிறார் பிளேக். பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில், மிருகத்தின் முத்திரை இல்லாதவன் வாங்கவோ விற்கவோ முடியாது என்று வருகிறதே, அந்த முத்திரை இது என்கிறார் தாம்ப்சன். பட்டயம், குறி இரண்டும் வாங்கல் விற்றலைச் சுட்டுகின்றன. பிறகு கண் ஓய்ந்து காது திறக்கிறது. மூன்றாம் பத்தியின் நான்கு வரிகளின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'கேள்' என்ற ஆங்கிலச் சொல் வருகிறது. தற்செயலோ இல்லையோ, வருகிறது. புகைபோக்கிக்குள் இறங்கும் சிறுவனின் கூவல் கரியேறிய தேவாலயத்தில் போய் மோதுகிறது. சிப்பாயின் பெருமூச்சு ரத்தமாகி அரண்மனைச் சுவரில் வழிகிறது. நள்ளிரவுத் தெருவில் ஓர் இளம் வேசியின் சாபம் பிறந்த குழந்தையின் கண்ணீரைக் கருக்கி, திருமண வண்டியைப் பிண வண்டியாக்குகிறது. பால்வினை நோய் சிசுவின் கண்ணைக் குருடாக்குவதைத்தான் அங்கே சொல்கிறார் என்று வாசிப்பவர்கள் உண்டு. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

புகைபோக்கிச் சிறுவர்களுக்காக 1788லேயே ஒரு சட்டம் வந்திருந்தது. எட்டு வயதுக்குக் கீழ் வைத்துக்கொள்ளக் கூடாது. யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த வேலை உண்மையில் ஒழிய 1875 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு கவிதைக்கும் அதன் பொருள் ஒழிவதற்கும் இடையே எண்பது வருடம்! இலக்கியத்தின் சமூகப் பயன் பற்றி மேடையில் முழங்குகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

சரி, வேர்ட்ஸ்வொர்த்துக்கு வருவோம். அதிகாலை. புகை இன்னும் கிளம்பவில்லை. கப்பல், கோபுரம், குவிமாடம், நாடக அரங்கு, ஆலயம் எல்லாம் வயலையும் வானத்தையும் நோக்கித் திறந்து கிடக்கின்றன. நகரம் காலையின் அழகை ஆடைபோல உடுத்தியிருக்கிறது. வீடுகளே உறங்குவதுபோல இருக்கிறது. நதியோ தன் இஷ்டப்படி போகிறது.

தன் இஷ்டப்படி! பிளேக்கின் நதிக்கு நேர் எதிர் நதி. 1991இல் என் குறிப்பு முழுக்க இந்த ஒரு இடத்தில்தான் நின்றது. நதிக்குச் சொந்தக்காரன் இருக்கிறான் என்பதை மறைக்கும் கவிதை, ஆகவே முதலாளியக் கருத்தியல், முடிந்தது கதை. இப்போதும் அந்த வாதத்தை நான் முழுக்கக் கைவிடவில்லை. சொல்லப்போனால் அப்போது எனக்குத் தெரிந்திருந்ததைவிட அதற்கு இப்போது ஆதாரம் அதிகம்.

*

அந்த எட்டு வருடத்தில் நதிக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். 1798இல் வாப்பிங்கில் நதிக் காவல்படை ஒன்று தொடங்கப்பட்டது. பாட்ரிக் கோல்குன் என்ற மாஜிஸ்திரேட்டும் ஜான் ஹாரியட்டும் சேர்ந்து தொடங்கியது. செலவில் பெரும்பகுதியை ஏற்றவர்கள் மேற்கிந்தியத் தீவு வணிகர்கள். அதாவது அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரையின் சொந்தக்காரர்கள். நதியில் வேலை செய்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திருடர்கள் என்று கோல்குன் கணக்குக் காட்டினார். எது திருட்டு? மூட்டை இறக்கும்போது சிந்திய சர்க்கரையை அள்ளிக்கொள்வது. நிலக்கரி சுமப்பவர் கொஞ்சம் கரியை வீட்டுக்குக் கொண்டுபோவது. கப்பல் கட்டும் தச்சர் மரத்துண்டுகளைத் தோளில் தூக்கிப்போவது. இவையெல்லாம் நேற்று வரைக்கும் கூலியின் ஒரு பாகம், வழக்கம், பாத்தியதை. நம் ஊரில் களத்துமேட்டில் சிந்தின நெல்லுக்கு உரிமை இருந்ததே, அதுமாதிரி. அந்த வழக்கம் சட்டப் புத்தகத்தில் குற்றமாக மாறுகிற கதையைப் பீட்டர் லைன்பா 'தூக்கிலிடப்பட்ட லண்டன்' என்ற நூலில் (1991) விரிவாகச் சொல்கிறார். 1798 அக்டோபரில் நிலக்கரித் தொழிலாளர்கள் அந்தக் காவல் நிலையத்தைத் தாக்கினார்கள். உயிர்கள் போயின. 1800இல் அது அரசின் படையாகவே ஆகிவிட்டது.

அடுத்தது துறைமுகம். 1799இல் நிறைவேறிய சட்டத்தின்படி மேற்கிந்தியச் சரக்குகள் அனைத்தும் ஒரே கம்பெனியின் துறையில்தான் இறங்க வேண்டும், 21 வருடத்துக்கு. சுமார் இருபதடி உயர மதிலுக்குள் நீரைச் சிறைவைத்துக் கட்டிய அந்தத் துறை திறக்கப்பட்டது 1802 ஆகஸ்ட் 27இல். வேர்ட்ஸ்வொர்த் பாலத்தைக் கடந்தது அதே ஆண்டு ஜூலை 31 காலை, தங்கை டோரதியின் நாட்குறிப்பை நம்பினால். கவிதையின் தலைப்பில் உள்ள தேதியை நம்பினால் செப்டம்பர் 3. எந்தத் தேதியை எடுத்தாலும், தேம்ஸ் நதியின் வரலாற்றில் அது தன் இஷ்டப்படி போவதற்குச் சற்றும் வசதியில்லாத கோடைக்காலம் அது. பிளேக் 1794இல் உருவகமாகவும் சட்டமாகவும் சொன்னது 1802இல் செங்கல்லும் மதிலுமாக எழும்பி நின்றது.

மக்களின் மௌனத்துக்கும் இப்படி ஒரு சரித்திரம் உண்டு. 1792 ஜனவரியில் டாமஸ் ஹார்டி என்ற செருப்புத் தொழிலாளி, ஸ்ட்ராண்ட் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு மதுக்கடையில் ஒன்பது பேரை வைத்துக்கொண்டு லண்டன் கடிதத் தொடர்புச் சங்கத்தைத் தொடங்கினார். எல்லோருக்கும் வாக்குரிமை என்பது கோரிக்கை. வாரச் சந்தா ஒரு பென்னி. உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பில்லை என்பது விதி. 1799இல் அந்தச் சங்கம் பெயர் குறிப்பிட்டுத் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் வந்த சட்டங்கள் தொழிலாளர் கூலிக்காக ஒன்று சேர்வதையே குற்றமாக்கின. ஆக, 1802இல் அந்தப் பெரிய நகரம் அசையாமல் கிடந்ததற்கு அதிகாலை மட்டும் காரணமில்லை.

*

இவ்வளவும் என் பழைய குறிப்புக்குச் சாதகம். ஆனால் இங்கே நிறுத்தினால் நான் அண்ணாச்சியிடம் செய்ததையே மறுபடி செய்கிறேன் என்று அர்த்தம்.

வேர்ட்ஸ்வொர்த் அந்தக் காலையில் பாலத்தின் மேல் கைகட்டி நின்று ரசித்துக்கொண்டிருக்கவில்லை. சாரிங் கிராஸில் ஏறிய டோவர் வண்டியில் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் டோரதி. போனது கலேவுக்கு. அங்கே ஆனெத் வலோன் என்ற பெண்ணும், 1792 டிசம்பரில் பிறந்து, கிட்டத்தட்டப் பத்து வயதாகியும் அவர் ஒருதரம்கூடப் பார்த்திராத மகள் கரோலினும் காத்திருந்தார்கள். 1793 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் யுத்தம் மூண்டது. 1802 மார்ச்சில் ஆமியன் உடன்படிக்கைதான் வழியைத் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் மறுபடி யுத்தம். அந்த இடைவெளிக்குள் அவர் போகிறார். போவது சேர்ந்து வாழ அல்ல. தீர்த்துவிட்டு வர. அக்டோபர் 4இல் அவருக்கு மேரி ஹட்சின்சனுடன் கல்யாணம். தங்கை, வண்டி, போகிற ஊர், காத்திருக்கும் குழந்தை எதுவும் கவிதையில் இல்லை. தன்னுடைய வாழ்க்கையில் இத்தனை அமைதியை ஒருபோதும் உணர்ந்ததில்லை என்கிற தொனி மட்டும் இருக்கிறது. அந்த அமைதி எவ்வளவு நடுக்கத்தின் மேல் போட்ட மூடி என்பது எனக்கு 1991இல் தெரியாது. எனக்கும் அப்போது குழந்தை கிடையாது.

கவிதையின் பட்டியலில் முதலில் வருவது கப்பல். பழைய லண்டன் பாலத்தின் குறுகிய வளைவுகளைத் தாண்டிப் பெரிய கப்பல்கள் மேலே வர முடியாது. ஆகவே அவர் பார்த்தது தூரத்துப் பாய்மரமோ சின்னப் படகோ. கிழக்கிந்தியக் கப்பல்கள் இன்னும் கீழே, பிளாக்வாலில் நிற்கும். ஆனால் அவர் வீட்டுக்கு ஒரு கப்பல் இருந்தது. தம்பி ஜான் வேர்ட்ஸ்வொர்த், கம்பெனி சேவையில் இருந்த 'ஏர்ல் ஆஃப் அபர்கவெனி' கப்பலின் காப்டன். அந்த ஜூலைக் காலையில் சீனாவிலிருந்து திரும்பும் வழியில் கடலில் இருந்தார். செப்டம்பரில் அண்ணனும் தங்கையும் தம்பியும் லண்டனில் சந்தித்துக்கொண்டார்கள். காப்டன்களுக்குச் சொந்த வியாபாரம் செய்துகொள்ளக் கம்பெனி இடம் கொடுத்திருந்தது. அண்ணனும் தங்கையும் தம்பியின் பயணத்தில் பணம் போட்டார்கள். அண்ணன் கவலையில்லாமல் கவிதை எழுதத் தம்பி சம்பாதித்துப் போடுவது என்பது குடும்பத்தின் கனவு. நகரத்தைப் பார்த்து இயற்கை என்ற கவிஞரின் ரொட்டியும் பட்டயத்தில்தான் வெந்தது. 1805 பிப்ரவரி 5இல், வங்காளத்துக்கும் சீனாவுக்கும் புறப்பட்ட அந்தக் கப்பல் வேமத்துக்கு அருகே மூழ்கியது. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். அதில் ஜானும் ஒருவர். கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த சார்லஸ் லாம்தான் விபத்து விவரங்களை விசாரித்து வேர்ட்ஸ்வொர்த்துக்கு எழுதினார்.

அவர் பாலத்தைக் கடந்ததற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 1801 ஜூலையில்தான், கர்நாடக நவாபின் ஆட்சியுரிமை உடன்படிக்கை வழியாகக் கம்பெனி கைக்குப் போனது. அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். இதைக் கவிதையின் மீது ஏற்றப் போவதில்லை. ஜான் வேர்ட்ஸ்வொர்த்தின் முதலாளி யார் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

ஓடுகாலி என்றேனே, அதையும் திருத்த வேண்டும். அதே பயணத்தில் அவர் எழுதிய வேறு சானட்டுகள் இருக்கின்றன. ஹெய்ட்டியின் அடிமைப் புரட்சியை நடத்திய தூசான் லூவெர்த்தூர் நெப்போலியனின் ஆட்களால் அந்தக் கோடையில்தான் பிடிபட்டார். அவரை நோக்கி ஒரு சானட். கலேயிலிருந்து திரும்பிய கப்பலில் கூட வந்த, பிரான்சிலிருந்து வெளியேற்றப்பட்ட கறுப்பினப் பெண்ணைப் பற்றி இன்னொன்று. இரண்டும் 1803 பிப்ரவரியில் லண்டன் நாளிதழ் ஒன்றில் வந்தன. 'லண்டன், 1802' என்று வேறொரு சானட்டில் இங்கிலாந்தைத் தேங்கின சேற்றுநீர் என்கிறார். பாலத்தின் மேல் அழகாகத் தெரிந்த ஊரும் இதே ஊர், அதே மாதம். இதெல்லாம் எங்கள் கல்லூரிப் பாடப் புத்தகத்தில் இல்லை. டாஃபடில் பூவும் பாலமும்தான் இருந்தன. நாங்கள் பாடத்திட்டத்தின் வேர்ட்ஸ்வொர்த்தை உதைத்துவிட்டு வேர்ட்ஸ்வொர்த்தை உதைத்ததாக நினைத்துக்கொண்டோம்.

*

இப்போது பிளேக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி. நம்ம ஆள் என்பதால் விட்டுவிட முடியாது.

1792–94 லண்டனில் நடக்கிறான் இந்த மனிதன். சிறுவன் கூவுகிறான், சிப்பாய் பெருமூச்சு விடுகிறான், பெண் சபிக்கிறாள். எல்லோரும் தனித்தனி. இருவர் ஒருவரோடொருவர் பேசும் காட்சி கவிதையில் ஒன்றுகூட இல்லை. ஹார்டியின் மதுக்கடை ஆற்றுக்கு அந்தப் பக்கம், லாம்பெத்திலிருந்த பிளேக்கின் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அங்கே செருப்புத் தைப்பவனும் நெசவாளியும் வரிசையாக உட்கார்ந்து வாக்குரிமை பற்றி விவாதிக்கிறார்கள், பென்னி வசூலிக்கிறார்கள். அந்தக் குரல் கவிதையில் கேட்கவில்லை. எல்லாக் குரலிலும் மனம் அடித்த விலங்கின் ஓசையைத்தான் அவர் கேட்கிறார். தொண்ணூறுகளில் நாங்கள் அந்த விலங்கை வைத்துக்கொண்டு அல்தூசர், கருத்தியல், தன்னிலை உருவாக்கம் என்று பக்கம் பக்கமாக எழுதினோம். குறிப்பேட்டின் வரைவில் அந்த விலங்கு ஜெர்மனியில் அடித்தது. ஹனோவர் வம்சத்து அரசனையும் அவனது கூலிப்படையையும் குத்துகிற சொல். அதை அடித்துவிட்டு மனத்தைக் கொண்டுவந்தபோது கவிதை எத்தனையோ மடங்கு பெரிதாயிற்று, சந்தேகமில்லை. ஆனால் விலங்கு அடித்த கொல்லன் மறைந்துபோனான். அந்த மாற்றம் எனக்கு எப்போதும் முழுத் திருப்தி தந்ததில்லை.

விலையையும் சொல்லிவிட வேண்டும். 1793இல் பிளேக் வெளியிட்ட விளம்பரத்தில் 'அனுபவப் பாடல்கள்' பிரதி ஐந்து ஷில்லிங். பெயினின் மலிவுப் பதிப்பு ஆறு பென்ஸ். ஐந்து ஷில்லிங் என்றால் ஹார்டியின் சங்கத்துக்கு அறுபது வாரச் சந்தா. புகைபோக்கிச் சிறுவனைப் பற்றிய கவிதையைக் கலை ரசிகர்கள்தான் வாங்கினார்கள், அதுவும் சொற்பம் பேர். சிற்றேடு நடத்தியவர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

கவிதையில் இடமில்லாத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஹார்டியின் மனைவி லிடியா. அடிமையாக இருந்து விடுதலை பெற்றுத் தன் வரலாற்றை எழுதிய ஒலாடா எக்வியானோ 1792இல் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தார். அந்த ஏப்ரலில் சொந்த ஊரான செஷமிலிருந்து லிடியா கணவருக்கு எழுதிய கடிதத்தில், இங்கே சர்க்கரை போட்டு டீ குடிப்பவர்களைவிடப் போடாமல் குடிப்பவர்களே அதிகம் என்கிறார். அடிமைச் சர்க்கரைப் புறக்கணிப்பு. 1794 மே 12இல் ஹார்டியைக் கைது செய்து ராஜத்துரோகக் குற்றம் சாட்டி டவரில் அடைத்தார்கள். ஜூனில் கடற்போர் வெற்றியைக் கொண்டாடிய கும்பல் அவர் வீட்டைத் தாக்கியது. நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த லிடியாவைப் பக்கத்து வீட்டார் பின்பக்கச் சின்ன ஜன்னல் வழியாக இழுத்துக் காப்பாற்றினார்கள். ஆகஸ்ட் 27இல் குழந்தை இறந்தே பிறந்தது. அவரும் இறந்தார். நவம்பர் 5இல் ஜூரிகள் ஹார்டியை விடுதலை செய்தார்கள். பிளேக்கின் கடைசிப் பத்தியில் கல்யாணமும் சாவும் சிசுவும் ஒன்றாக வருகின்றன. அது அச்சான ஆண்டிலேயே, நடக்கிற தூரத்தில், சாபமிடாத ஒரு பெண்ணுக்கு அதே மூன்றும் நேர்ந்தன. கவிதை முன்னால் எழுதப்பட்டது. அவரை அதில் தேடுவது நியாயமில்லை. ஆனாலும் நான் தேடுகிறேன்.

உறங்குகிற நகரம் என்றாரே, அதற்கும் ஒரு பின்கதை உண்டு. 1802 நவம்பர் 16 இரவு போலீசார் ஒரு மதுக்கடையைச் சூழ்ந்துகொண்டு சிப்பாய்களும் கூலித் தொழிலாளர்களுமாக முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பிடித்தார்கள். நடுவில் இருந்தவர் கர்னல் எட்வர்ட் டெஸ்பார்ட். ஒரு காலத்தில் ஹோண்டுராஸ் கரையில் பிரிட்டிஷ் அதிகாரி. விடுதலை பெற்ற கறுப்பர்களுக்கும் வெள்ளையருக்குச் சமமாக நிலம் பங்கிட்டு வேலையை இழந்தவர். அவரது கறுப்பின மனைவி காதரின் சிறைக்கைதிகளுக்காகப் போராடியவர். அரசனைக் கொல்லச் சதி என்பது வழக்கு. 1803 பிப்ரவரி 21இல் டெஸ்பார்டையும் ஆறு பேரையும் தூக்கிலிட்டுத் தலையையும் வெட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் கூடி நின்று பார்த்தார்கள். அந்த மதுக்கடை இருந்த இடம் லாம்பெத். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைத் தாண்டியதும் வருகிற பகுதி. பிளேக் 1800 வரை குடியிருந்த வீட்டுக்குப் பக்கம். டோவர் வண்டி பாலத்திலிருந்து இறங்கிப் போனதும் அந்தத் திக்கில்தான். காலை ஐந்தரை மணிக்கு அங்கே யார் விழித்திருந்தார்கள் என்று வண்டியிலிருந்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆப்செட் வந்தபின் அண்ணாச்சியின் ட்ரெடிலைப் பழைய இரும்புக்கு எடைபோட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஈய எழுத்துகளையும்தான். பேராசிரியர் ஓய்வுபெற்று மகள் ஊருக்குப் போய்விட்டார். முகவரி வாங்கி வைத்திருக்கிறேன், எழுதவில்லை. என்னிடம் மிஞ்சியிருக்கும் மூன்றாம் இதழின் ஒரே பிரதியில் என் சொல்லை அடித்துவிட்டு, தெருவுக்கு மேலே 'பட்டயம் போட்ட' என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். நதிக்கும் அதே சொல்லைப் போட்டுப் பார்த்தேன். ஓசை இடிக்கிறது. அந்த இடம் அடித்தபடியே இருக்கிறது.